தேயுமுன்னே கிழடு தட்டும் டயர்

2024 ஒக்டோபர் கடைசியில், வாடைமழை தொடங்குமுன், என் சுசுகி ஜிம்னி ஜீப்புக்கு டயர் மாற்றிவிடலாம் என்று திருகோணமலை நகரத்தில் ஒரு கடைக்குப் போனேன். நான்கு டயரை உருட்டிக்கொண்டு வந்து வைத்தார்கள். மேலே ஒட்டிய லேபல் கிழியவில்லை. புது டயரில் மயிர் மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த றப்பர் முட்கள்கூட உதிரவில்லை. விலையும் நான் மனதில் வைத்துக்கொண்டு போனதைவிடக் குறைவு. சரி, பூட்டுங்க என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, பழக்கதோஷத்தில் குனிந்து ஃபோன் வெளிச்சத்தைப் பக்கச் சுவரில் அடித்தேன். நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம்: 1118.

2018ஆம் ஆண்டின் 11ஆம் வாரம். மார்ச் நடுவில் செய்த டயர். ஆறரை வயது. கடைப் பையன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு கிலோமீற்றர்கூட ஓடாத டயர், சேர்" என்றான். அவன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. ஓடாததுதான் அந்த டயரின் கோளாறே.

டயர் வாங்கப் போகிறவர் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி "எவ்வளவு ஓடும்?" லொறிக்காரருக்கும் ஓட்டோக்காரருக்கும் அது சரியான கேள்வி. எங்கள் ஊரில் சின்ன ஜீப் வைத்திருப்பவர் பலருக்கு அது பொருந்தாது. அன்றாட வேலைக்கு மோட்டார் சைக்கிள் இருக்கும். ஜீப் வயலுக்கும், நிலாவெளிப் பக்கம் கடற்கரைக்கும், எப்போதாவது கொழும்புக்கும் என்று நிற்கும். என் வண்டி வருடத்துக்கு 6,000 கிலோமீற்றர் ஓடினால் பெரிய விசயம். நல்ல டயர் ஒன்று 50,000 கிலோமீற்றர் தாராளமாக ஓடும். அப்படியானால் எட்டு வருடத்துக்கு மேல் வர வேண்டும். ஆனால் திருமலை வெயிலில் எட்டு வருடம் நிற்கும் றப்பரை நான் கண்டதில்லை. நிலத்தில் படும் பக்கத்துப் பள்ளம் பாதி மிச்சமிருக்கும்போதே பக்கச் சுவர் தண்ணியில்லாத வயல் மாதிரி வெடித்துவிடுகிறது.

வெடிப்பதற்குக் காரணம் வெயில் மட்டுமில்லை. காற்றில் சிறிதளவு ஓசோன் எப்போதும் இருக்கிறது. இழுபட்டு நிற்கும் றப்பரின் மூலக்கூற்றுச் சங்கிலியை அது அறுக்கிறது. ஒட்சிசன் உள்ளே புகுந்து றப்பரை இறுக்குகிறது. சூடு கூடக் கூட அந்த வேலை வேகமாக நடக்கிறது. இதையெல்லாம் தெரிந்துதான் டயர் செய்பவர்கள் கலவையில் ஒருவகை மெழுகையும் ஓசோனைத் தடுக்கும் இரசாயனங்களையும் சேர்க்கிறார்கள். டயர் உருண்டு மடங்கி நிமிரும்போது அவை உள்ளிருந்து மெல்ல மெல்ல மேலே கசிந்து, தோலின் மேல் எண்ணெய் பூசிய மாதிரி ஒரு படலத்தைப் போட்டுக்கொண்டே இருக்கும். பழைய டயர் மண்ணிறமாக மங்கித் தெரிவது இந்தக் கசிவால்தான். நின்ற இடத்தில் நிற்கும் டயருக்கு இந்த எண்ணெய்ப்பூச்சு சரியாகக் கிடைக்காது. வருடம் 30,000 கிலோமீற்றர் ஓடும் வேன் டயரைவிட, மரத்தடியில் நிற்கும் ஜீப்பின் டயர் வேகமாக வெடிப்பதன் சூட்சுமம் இது. கச்சான் காற்று வீசும் மே தொடக்கம் ஆகஸ்ட் வரை 35 பாகையைத் தாண்டும் நாட்கள் இங்கே சாதாரணம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய டயர் கம்பனிகள் சில, ஐந்து வருடம் கழிந்தால் ஆண்டுக்கு ஒருமுறை ஆள் வைத்துப் பரிசோதியுங்கள், பத்து வருடமானால் பள்ளம் எவ்வளவு இருந்தாலும் கழற்றுங்கள் என்கின்றன. வாகனம் செய்யும் கம்பனிகளில் ஆறு வருடத்திலேயே மாற்றச் சொல்பவையும் உண்டு. கடையில் குளிர்ந்த இருட்டில் அடுக்கிவைத்த டயர் வெயிலில் நின்ற டயர் அளவுக்குக் கெடாது என்பது உண்மைதான். ஆனால் அந்த 1118 ஆறரை வருடமும் எங்கே கிடந்தது, தகரக் கூரைக்குக் கீழா என்று யாருக்குத் தெரியும்? எனக்கென்று நான் வைத்திருக்கும் கணக்கு, செய்த திகதியிலிருந்து ஏழு வருடம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். புதுத் திகதி டயர் 100 ரூபா என்று வைத்துக்கொள்வோம். ஏழு வருடத்துக்குப் பகிர்ந்தால் வருடத்துக்கு 14 ரூபாச் சொச்சம். அந்த 1118ஐ 80 ரூபாவுக்குத் தந்தாலும் எனக்கு மிஞ்சுவது அரை வருடம். மலிவு என்று நினைத்து வாங்கியது அந்தக் கடையிலேயே ஆக விலை கூடிய டயராகிவிடும்.

ஏன் பழைய டயர் கடையில் தங்குகிறது? கடைக்காரரைக் குறைசொல்லி முடிக்கக்கூடிய விசயமில்லை. வேகன் ஆரின் 155/65ஆர்14, ஓட்டோவின் 4.00-8 என்றால் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. சின்ன ஜீப்பின் அளவுகள் அப்படியல்ல. ஒரு செற் கொண்டுவந்து போட்டால் அதற்கென்று ஒருவன் என்னை மாதிரி வர வேண்டும். நடுவில் 2020இல் வாகன இறக்குமதி நின்றது, டயர் இறக்குமதிக்கும் கட்டுப்பாடு வந்தது. 2022 மார்ச்சுத் தொடக்கத்தில் 200 ரூபாவைச் சுற்றி நின்ற டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அந்த நேரத்தில் கையிருப்பில் இருந்த எதுவும் தங்கம்தான். பழையது புதியது என்று யாரும் பார்க்கவில்லை. புதுவண்டி வராத அந்த ஐந்து வருடத்தில் பழைய ஜீப்களின் மவுசும் ஏறிப்போனது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திறந்தபின்னும், கூரைக்குக் கீழே மாடு மாதிரிக் காத்த பழைய ஜீப்பை விற்க யாருக்கும் மனம் வரவில்லை. டயர்தான் மாற்ற வேண்டியிருக்கிறது.

ஆகவே முதலில் உங்கள் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். கதவு நிலையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள், இப்போது பூட்டியிருக்கும் டயரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். முந்திய சொந்தக்காரர் என்ன விளையாட்டுக் காட்டினாரோ. 1.3 லீற்றர் ஜிம்னிக்குப் பொதுவாக 205/70ஆர்15. 660 சிசி ஜப்பான் ஜிம்னிக்கு 175/80ஆர்16. 2018இல் வந்த பெட்டி மாதிரி வடிவத்து 1.5 லீற்றருக்கு 195/80ஆர்15. பழைய டைஹட்சு டெரியோஸ் 205/70ஆர்15, பஜேரோ மினி பலதுக்கும் 175/80ஆர்15. பழைய மாருதி ஜிப்சி என்றால் எஃப்78-15 என்று இன்னொரு பாஷை. அது உள்ளே நூல் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் சாய்வாக ஓடும் பழைய வகை டயர். அதையும் இப்போதைய ரேடியல் டயரையும் ஒரே அச்சில் கலக்கவே கூடாது.

205/70ஆர்15 96எஸ் என்றால், அகலம் 205 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 வீதம், ரிம் 15 அங்குலம், 96 என்பது ஒரு டயர் தாங்கும் எடை 710 கிலோ, எஸ் என்பது வேகம் மணிக்கு 180 கிலோமீற்றர் வரை. இந்த 96 என்ற இலக்கத்தில் பலர் தேவையில்லாமல் காசைக் கரைக்கிறார்கள். ஜிம்னி ஆட்களும் மூட்டையும் ஏறினாலும் ஒன்றரை டன்னைத் தாண்டாத வண்டி. நான்கு டயர் சேர்ந்து தாங்குவது 2,840 கிலோ. அப்படியிருக்க, "ஜீப்புக்கு கனத்த டயர்தான் வேணும்" என்று பிக்அப்புக்குச் செய்த, நூல் கூடிய டயரைப் பூட்டினால் வண்டி கல்லு வண்டில் மாதிரிக் குலுங்கும், பெற்றோலும் கூடும். கனத்த பக்கச் சுவர் கூர்ங்கல் நிறைந்த காட்டுப்பாதையில் நாளாந்தம் ஓடுபவருக்குத்தான் உதவும்.

அளவு கிடைக்காதபோதுதான் சிக்கல். 175/80ஆர்16 அப்படிப்பட்டது. ஜப்பானில் மூலைக்கு மூலை கிடைக்கும், இங்கே ஆளை அனுப்பித் தேட வேண்டும். என் நண்பர் ஒருவர் செய்தது புத்திசாலித்தனம். அவர் 660 சிசி ஜிம்னிக்கு 15 அங்குல ரிம் நான்கைத் தேடிப்பிடித்து, 195/80ஆர்15 பூட்டினார். ஜிம்னியில் இரண்டு ரிம்முக்கும் ஐந்து நட்தான், நட் நிற்கும் வட்டமும் 139.7 மில்லிமீற்றர்தான், பொருந்தும். பழைய டயரின் விட்டம் 686, புதியதின் விட்டம் 693 மில்லிமீற்றர். வித்தியாசம் ஒரு வீதம். மீற்றர் முள்ளுக்கே தெரியாது. ஆனால் ரிம் வெளியே தள்ளி நிற்கும் அளவு இரண்டுக்கும் ஒன்றல்ல. பூட்டிவிட்டு ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க மடக்கி, எங்கும் உராய்கிறதா என்று பார்த்துத்தான் காசைக் கொடுத்தார்.

இதே கணக்கைப் பெரிய டயர் ஆசை பிடித்தவர்களும் போட்டுப் பார்க்க வேண்டும். 205/70ஆர்15இன் விட்டம் 668 மில்லிமீற்றர். 215/75ஆர்15 போட்டால் 703. ஐந்து வீதம் கூட. மீற்றர் 60 காட்டும்போது வண்டி ஏறக்குறைய 63இல் போகும். நிலத்திலிருந்து உயரம் 18 மில்லிமீற்றர் ஏறும், சின்ன விரலின் பருமன். இதுவரை பரவாயில்லை. 235/75ஆர்15 என்றால் பத்து வீதத்துக்குக் கிட்ட. 1.3 எஞ்சினுக்கு ஐந்தாம் கியர் சும்மா பெயருக்குத்தான் இருக்கும். பிரேக்கும் அதே பழைய பிரேக், சுழற்றி நிறுத்த வேண்டிய கனம் மட்டும் கூடியிருக்கும். படத்துக்கு அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

சரி, பூ, அதாவது நிலத்தில் படும் பக்கத்தின் வெட்டுக்கோலம், எப்படி இருக்க வேண்டும்? கடைக்காரர் மூன்று வகை காட்டுவார். தார் வீதிக்கான எச்.ரி., எல்லா வழிக்குமான ஏ.ரி., சேற்றுக்கான எம்.ரி. இந்த எம்.ரி.யைக் கண்டால் ஆண்பிள்ளைகளுக்கு ஒரு மயக்கம். நானும் தப்பவில்லை, ஒரு காலத்தில் பூட்டி ஓடியவன்தான். கந்தளாய் தாண்டினால் பக்கத்தில் இருப்பவர் சொல்வது கேட்காது.

உண்மையில் எங்கே ஓடுகிறோம் என்று யோசித்தால் பதில் தானாக வரும். கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கும்வரை அந்தப் பக்கம் போவதென்றால் 'பாதை' என்ற மிதவையில் வண்டியை ஏற்ற வேண்டும். தெற்கே போகப்போக இன்னும் துறைகள், இடையில் குண்டும் குழியும். அன்றைக்கு நான்கு சில்லும் இழுக்கும் வண்டிக்கு அர்த்தம் இருந்தது. இன்றைக்கு மூதூர் தாண்டி மட்டக்களப்பு வரை காப்பட் வீதி. புல்மோட்டைக்கும் அப்படியே. ஆக என் வண்டியின் ஓட்டத்தில் பத்தில் ஒன்பது பங்கு தாரில். மிச்சம் ஒரு பங்கில் பாதி கடற்கரை மணல், பாதி கிறவல், கொஞ்சம் வயல் சேறு.

தாரில் ஒரு டயரின் தரம் எங்கே தெரியும் என்றால், மழை இரவில் ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் நடுவில் தெரியும். ஏ6 வீதியில் அந்தத் துண்டைத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வளைவு திரும்பினால் வீதி நடுவே கரும்பாறை மாதிரி யானை ஒன்று நிற்கும். அதற்கு விளக்கும் இல்லை, அது விலகவும் போவதில்லை. அந்த நேரத்தில் உங்களைக் காப்பாற்றுவது ஈரத்தாரைப் பிடிக்கும் றப்பரும், தண்ணீரை வெளியேற்றும் பள்ளமும், டயர் நிலத்தில் படும் பரப்பும். எம்.ரி. டயரில் பெரிய கட்டைகளும் அகன்ற இடைவெளிகளும்; நிலத்தில் படும் றப்பர் குறைவு, ஈரத்தைப் பிடிக்கும் மெல்லிய கீற்றுகளும் குறைவு. நிற்க எடுக்கும் தூரம் கூடும். தேய்ந்த எச்.ரி.யும் இதே கதைதான். பள்ளத்துக்குள் 1.6 மில்லிமீற்றர் உயரத்தில் ஒரு மேடு வைத்திருப்பார்கள், பூ தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் டயர் முடிந்தது. ஆனால் ஈரத்தில் பிடிமானம் 3 மில்லிமீற்றருக்குக் கீழே போகும்போதே விழத் தொடங்கிவிடும். மாரிக்கு முன் ஒரு தீக்குச்சியைப் பள்ளத்தில் விட்டுப் பாருங்கள். மருந்துத் தலை முழுதாக உள்ளே போகாவிட்டால் யோசிக்க வேண்டும்.

மணலுக்கு எம்.ரி. நல்லது என்பது இன்னொரு தப்பு எண்ணம். இறக்கக்கண்டியிலோ குச்சவெளியிலோ உதிர்மணலில் அந்தக் கட்டைகள் மண்வெட்டி மாதிரி வேலை செய்யும். ஒரு மிதி மிதித்தால் சில்லு தன் குழியைத் தானே தோண்டிக்கொண்டு அச்சு வரை இறங்கும். மணலில் வேண்டியது மிதப்பு. அதைக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை, காற்றை இறக்கினால் போதும். 26 பி.எஸ்.ஐ. இருக்கும் டயரை 16க்கு இறக்குங்கள். டயர் நீளவாக்கில் தட்டையாகி, ஒட்டகத்தின் பாதம் மாதிரி மணல்மேல் படியும். நான்கு பேர் தள்ளியும் அசையாத வண்டி காற்றை இறக்கியதும் தானாக ஏறி வந்ததைக் கரைவலை இழுக்கும் ஆட்கள் நின்று பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். திரும்பித் தாரில் ஏறுமுன் கட்டாயம் காற்றை நிரப்ப வேண்டும். இறங்கிய காற்றோடு வேகமாக ஓடினால் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி உள்ளுக்குள்ளேயே சிதையும். சிகரெட் லைற்றரில் செருகும் சின்னக் காற்றுப் பம்ப் ஒன்று போதும், எம்.ரி.க்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசில் அதை வாங்கலாம்.

வயல்காரருக்கு மட்டும் நான் வேறு சொல்வேன். தம்பலகாமம், மூதூர்ப் பக்கம் மாரிகாலத்தில் வயல்வரம்போடு ஓடுபவர்களுக்கு அந்தக் களிமண் எச்.ரி. பூவை இரண்டு சுற்றில் நிரப்பி மொட்டை டயராக்கிவிடும். அவர்களுக்கு அடக்கமான ஏ.ரி., ஓரத்தில் கொஞ்சம் கட்டை வைத்தது, சரியாக இருக்கும். மற்றவர்களுக்கு எச்.ரி.யே தாராளம்.

நான்கு சில்லும் இழுக்கும் வண்டியில் இன்னொரு செலவு ஒளிந்திருக்கிறது. "பின்னாலே இரண்டை மட்டும் மாற்றுவம், மற்றது பிறகு பாப்பம்" என்பது கார்க்காரரின் சிக்கனம். ஜிம்னியில் நான்கு சில்லையும் இழுக்க விட்டால் முன் அச்சும் பின் அச்சும் இறுகப் பிணைந்து ஒரே வேகத்தில் சுற்றும். இடையில் விட்டுக்கொடுக்க ஒரு டிஃபரன்ஷியல் இல்லை. புது டயரில் பள்ளம் 8 மில்லிமீற்றர், பழையதில் 3 என்று வையுங்கள். விட்டத்தில் வித்தியாசம் 10 மில்லிமீற்றர். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 3 சென்ரிமீற்றர் தூரம் பிழைக்கும். கிலோமீற்றருக்குச் சில்லு 480 தடவை சுற்றும். கணக்கை நீங்களே போடுங்கள். மணலில் அந்தப் பிழை சறுக்கித் தீர்ந்துவிடும். தாரில் சறுக்க இடமில்லாமல் கியர்ப்பெட்டியிலும் ஷாஃப்டிலும் முறுக்காக ஏறும். எப்போதும் நான்கும் இழுக்கும் டெரியோஸ் மாதிரி வண்டியில் நடு டிஃபரன்ஷியல் ஓய்வில்லாமல் வேலை செய்து தேயும். நான்கையும் ஒரே மாதிரி, ஒரே நேரத்தில் வாங்க வேண்டும். கையில் காசு இல்லையென்றால் விலைகுறைந்த கம்பனியில் நான்கு வாங்குவது, விலைகூடிய கம்பனியில் இரண்டு வாங்குவதைவிட மேல்.

கம்பனி என்று வந்தால், பக்கச் சுவரில் எந்த நாட்டில் செய்தது என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். ஜப்பான் பெயர் போட்ட டயர் பலது தாய்லாந்திலும் இந்தோனேசியாவிலும் செய்து வருவது, தரத்தில் குறையில்லை. களனியில் செய்யும் சியெட் நாடு முழுவதும் கிடைக்கிறது. உங்கள் அளவில் இருந்தால் புதுத் திகதி கிடைக்கும் வாய்ப்பு அதில் அதிகம். சீன டயர் என்றதும் முகம் சுளிக்கத் தேவையில்லை. ஆனால் பேரே கேள்விப்படாத ஒன்றை வாங்குவதைவிட, நாளைக்கு ஒன்று வெடித்தால் அதே ரகத்தில் இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். சில டயர்களில் தேய்மான எண் ஒன்று, 400, 500 என்று அடித்திருக்கும். கூடக் கூட நாள்பட ஓடும். என்னை மாதிரி வருடம் 6,000 ஓடுபவன் 600க்குக் காசு கொடுப்பது, தான் உண்ணாத சோற்றுக்குக் காசு கொடுப்பது மாதிரி.

பாவித்த டயர் பற்றி ஒரு எச்சரிக்கை. ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் ஜீப்களோடு வந்திறங்கிய டயர்கள் கைமாறிக்கொண்டிருக்கும். அதில் சிலது பார்க்க அசல் ஏ.ரி. மாதிரி, ஆழமான பூவோடு, ஒவ்வொரு கட்டையிலும் சவரக் கத்தியால் கீறிய மாதிரி அலையலையாக நிறையக் கீற்றுகளோடு இருக்கும். நகத்தால் அழுத்தினால் பஞ்சு மாதிரி அமுங்கும். பக்கச் சுவரில் 'ஸ்டட்லெஸ்' என்று அடித்திருக்கும். அது பனிக்கட்டி வீதிக்குச் செய்த டயர். உறைகுளிரில் இளகி நிற்க வேண்டும் என்று அவ்வளவு மென்மையான றப்பர். எங்கள் ஊர்த் தாரில் அது பிட்டு மாதிரி உதிரும். வளைவில் வண்டி நெளியும். "ஜப்பான் டயர், பூ எண்பது வீதம் இருக்கு" என்று ஒருவர் ஆசை காட்டினால் அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

'டாக்' அடித்த, அதாவது தேய்ந்ததன் மேல் புதுப்பூ ஒட்டிய டயரை நான் கேவலமாகப் பார்ப்பதில்லை. விமான டயரையே பலமுறை புதுப்பூ போட்டு ஓட்டுகிறார்கள். லொறி, பஸ்ஸில் டயர் சீக்கிரம் தேயும். உடம்பு இளசாக இருக்கும்போதே பூ முடிந்துவிடும். ஆகவே மேலே புதுப்பூ போடுவதில் நியாயம் இருக்கிறது. சின்ன ஜீப்பில் நடப்பது தலைகீழ். பூ முடியும்போது உடம்புக்குப் பத்து வயது. கிழவனுக்குப் புதுச் சட்டை போட்டுப் போருக்கு அனுப்பக் கூடாது, குறிப்பாக முன் சில்லில்.

எங்கே வாங்குவது? கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பக்கம் ஏறி இறங்கினால் தெரிவு கூட, விலையும் சிலவேளை குறையும். ஒரு வழிக்கு 260 கிலோமீற்றர், அதைப் போய்வரும் செலவைக் கழித்தால் என்ன மிஞ்சும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேறு வேலையாகப் போகும்போது வாங்கி வருவது சரி. அதற்கென்றே போவது சரிவராது. இரண்டு மாதத்தில் பக்கச் சுவரில் பொக்களம் மாதிரி வீக்கம் வந்தால் இங்குள்ள கடையில் கொண்டுபோய்க் காட்டலாம், அங்கே வாங்கியதை யாரிடம் காட்டுவது? நான் கடைசியில் இங்கேதான் சொல்லி வைத்து எடுத்தேன். "திகதி 2024ஆக இருந்தால் எடுக்கிறேன், எத்தனை நாளானாலும் பரவாயில்லை" என்று கிண்ணியாக்காரர் ஒருவர் நடத்தும் கடையில் சொன்னேன். மூன்றாம் கிழமை ஃபோன் வந்தது. "தம்பி, உங்கட நம்பர் வந்திருக்கு, நானே பாத்தன், இருபத்தாறு இருபத்தினாலு." எச்.ரி., நடுத்தர விலை, நான்கு.

அந்தக் கடைக்கார நானா டயர் பூட்டுவதை நின்று பார்க்க வேண்டும். பழைய டயரைக் கழற்றியதும் ரிம்மின் விளிம்பில், டயர் போய் இறுகும் இடத்தில், துரு செதில் செதிலாக ஏறியிருந்தது. உப்புக்காற்று ஊரில் இதுதான் காற்று மெதுவாக இறங்கும் நோய்; எத்தனை முறை பஞ்சர் பார்த்தாலும் ஓட்டை அகப்படாது. அவர் கம்பித் தூரிகையால் வெள்ளி தெரியும்வரை தேய்த்து, மெல்லியதாக மை பூசி, காயவிட்டுத்தான் டயரை ஏற்றினார். வால்வ் நான்கும் புதுசு. அது கைச்செலவுக் காசு, அதில் பேரம் பேசாதீர்கள்.

பூட்டியபின் 60, 70இல் ஸ்டியரிங் கைகளை உதறினால் ஜிம்னிக்காரர் உடனே டயரைத் திட்டுவார். முதலில் பாலன்ஸ் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அதிலும் போகாவிட்டால் முன் அச்சின் கிங்பின் பெயாரிங்கைப் பாருங்கள். பலவேளை அதுதான் பழைய நோயாளி, புது டயர் அதை வெளியே காட்டிக்கொடுத்தது. அலைன்மென்ட் செய்யும் இடத்தில் "கேம்பர் எல்லாம் சரிக்கட்டித் தாறம்" என்று பட்டியல் நீட்டினால், முன்னாலும் முழு அச்சு இருக்கும் இந்த வண்டியில் சாதாரணமாகத் திருத்தக்கூடியது சில்லுகள் உள்நோக்கி நிற்கும் அளவு ஒன்றுதான் என்று மெல்லச் சொல்லிவிடுங்கள்.

வேலை முடிந்து காசைக் கொடுக்கும்போது, "பின்னாலே தொங்குற ஸ்பெயார் வீல் எப்பிடி?" என்று நானா கேட்டார். அது நல்லாத்தான் இருக்கு, ஒருநாளும் இறக்கிப் பூட்டினதே இல்லை என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் உறையைக் கழற்றினார். பூ ஒரு துளி தேயவில்லை. பக்கச் சுவரை ஈரத் துணியால் துடைத்து என்னை வரச்சொல்லிக் காட்டினார்: 3509. வண்டியோடு ஜப்பானிலிருந்து வந்த டயர். பதினைந்து வருடம் பின்கதவில் தொங்கிக் கடலைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. விரலால் அழுத்தியதும் வெடிப்பு வாய் திறந்தது. ஐந்தாவது டயருக்கும் அன்றே சொல்லி வைத்தேன். பழையது இப்போது அவருடைய மச்சானின் படகு ஒன்றின் விலாவில், இறங்குதுறையில் மோதாமல் இருக்கக் கட்டித் தொங்குகிறது.